எந்த முனியசாமி?

1. ட்ரிப்

பிரேக்கரைப் போட்ட கையை இன்னும் எடுக்கவில்லை, பீடர் ட்ரிப் ஆகிவிட்டது.

அப்போது நான் பரளச்சிப் பக்கம் ஒரு சப்-ஸ்டேஷனில் ஆபரேட்டர். கம்பத்தில் ஆள் ஏறுமுன் எனக்குப் போன் போட்டு லைன் கிளியர் வாங்குவார்கள். நான் கரண்டை நிறுத்திவிட்டு ரிஜிஸ்டரில் பேர் எழுதுவேன். வேலை முடிந்து இறங்கியதும் ‘ரிட்டர்ன்’ சொல்வார்கள். பேரை அடித்துவிட்டு சார்ஜ் பண்ணுவேன், அதாவது பிரேக்கரைப் போட்டு மறுபடி கரண்டு விடுவேன்.

அன்று ஒரே பீடரில், அதாவது ஒரே லைனில், இரண்டு இடத்தில் வேலை. இரண்டு பேருமே முனியசாமி. எங்கள் பக்கம் பஸ் ஸ்டாண்டில் நின்று அந்தப் பேரைக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சின்ன முனியசாமி ரிட்டர்ன் சொன்னான். ஒரு பேரை அடித்தேன். சிக்னல் சரியில்லை. எனக்குக் கேட்டதோ என்னவோ என்று அவனே மறுபடியும் கூப்பிட்டு, “சார், முனியசாமி ரிட்டர்ன்” என்றான். கூறுகெட்ட நான் மற்ற முனியசாமி என்று நினைத்து இரண்டாவது பேரையும் அடித்துவிட்டு பிரேக்கரைப் போட்டேன்.

ட்ரிப் ஆகிக் கரண்டு தானே நின்றதும் போன் அடித்தது. பெரிய முனியசாமி அண்ணன்.

“சார், நான் இன்னும் எறங்கல.”



2. பத்து நிமிஷம்

அவர் உயிரோடு இருந்து பேசியதற்குக் காரணம் எர்த் ராடு. ஏறுகிற இடத்துக்கு இரண்டு பக்கமும், கம்பியை மண்ணோடு சேர்க்கிற அந்தக் கோலை மாட்டியிருந்தார். என்னைப் போல ஒரு மடையன் தப்பாக சார்ஜ் பண்ணினாலும் கரண்டு மண்ணுக்குப் போய் பிரேக்கர் விழுந்துவிடும். மாட்டச் சொல்லி விதி இருக்கிறது. கூடுதலாகப் பத்து நிமிஷம் ஆகும் என்று பலபேர் மாட்டுவதில்லை. இவரை மட்டும் ‘பத்து நிமிஷம்’ என்றே பட்டப்பேர் வைத்துக் கூப்பிடுவார்கள். நானும் கூப்பிட்டிருக்கிறேன்.

அவருக்குத் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். மனைவி பேச்சியம்மா விடியுமுன்பே மில் வேனில் அருப்புக்கோட்டைக்குப் போய்விடுவார். அண்ணன்தான் சோறாக்கி, மூன்று பெண்பிள்ளைகளுக்கும் ரெட்டைச் சடை பின்னி, பஸ் ஏற்றிவிட்டு டூட்டிக்கு வருவார். “எங்கப்பா கம்பிக்கு பைண்டிங் போடுற மாதிரி பின்னுறாரு, அவுக்கவே முடியல” என்று மூத்தவள் செல்வி என்னிடம் குறைபட்டிருக்கிறாள்.

3. ரிஜிஸ்டர்

சாயங்காலம் சப்-ஸ்டேஷனுக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். வேலை போய்விடும் என்று அழுதேன். கருவேலங்கிளை பட்டு ட்ரிப் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்றும் வெட்கமில்லாமல் கேட்டேன். போனில் ‘சார்’ என்பவர், நேரில் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

“நெசத்த எழுதுங்க தம்பி. நாளைக்கு வேற ஒருத்தன் ஏறுவான். அவன் வீட்டுலயும் சடை பின்ன ஆளு வேணும்ல.”

எழுதினேன். மெமோ வந்தது, விசாரணை வந்தது, வேலை தப்பியது. அதிலிருந்து ரிட்டர்ன் சொல்கிறவரிடம் பிள்ளை பேரையும் கேட்டு எழுதினேன். கல்யாணம் ஆகாதவன் அம்மா பேரைச் சொல்ல வேண்டும். “என்ன சார், ரேசன் கார்டுல சேக்கப் போறீகளா?” என்று கேலி பேசினார்கள். பேசட்டுமே, நான் விடவில்லை. குரல் தெரிந்தாலும் கேட்க வேண்டும். இப்போது அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது அவ்வளவுதான்.

4. கடைசி லைன் கிளியர்

போன மாதம் அண்ணன் தன் வீட்டுக் கட்டிலில், மகள்கள் மூவரும் பக்கத்தில் இருக்க, காலமானார். மாலை போட்டுவிட்டு வந்ததிலிருந்து அவர் ரிடையர் ஆன நாள்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று மத்தியானம் ரிட்டர்ன் சொல்லக் கூப்பிட்டார். வழக்கம்போல, “எந்த முனியசாமி?” என்றேன். எப்போதும் ‘செல்வி அப்பா’ என்பதோடு முடிப்பார். அன்று அதோடு நிற்கவில்லை.

“செல்வி அப்பா, மாரீஸ்வரி அப்பா, கார்த்திகா அப்பா. மூணு பேரு அப்பனும் எறங்கிட்டேன் தம்பி. சார்ஜ் பண்ணிக்கோங்க.”

மூன்று பேரையும் எழுதிவிட்டுத்தான் பிரேக்கரில் கை வைத்தேன்.