கொட்டாத எள்ளு

எள்ளுக்கு ஒரு கெட்ட குணம். காய் முற்றியதும் நுனியில் வாய் பிளந்துவிடும். ஒரு காற்று பலமாக அடித்தால் பாதி விளைச்சல் மண்ணுக்குத்தான். முற்றினாலும் வாய் திறக்காத செடி ஒன்று அகப்பட்டால், அதிலிருந்து நல்ல இனத்தை உருவாக்கலாம். அதற்காகப் பல வகை எள்ளுகளைக் கலப்புச் செய்து, படுவான்கரையில் ஓர் அக்காவின் காணியில் விதைத்திருந்தேன். இரண்டு போகம் வெறுங்கை. மூன்றாவதிலும் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் என் பேராசிரியர்.

காய் முற்றும் வாரம் பார்த்துத்தானா எனக்குக் காய்ச்சல் வரவேண்டும்! எட்டாம் நாள் எழுந்து ஓடினால் காணி மொட்டையாகக் கிடந்தது. செடிகளை வெட்டிக் காயவைத்து, கட்டுகளைத் தலைகீழாகப் பிடித்து, தரையில் விரித்த படங்கில் தட்டிக்கொண்டிருந்தார் அக்கா.

“கச்சான் காத்து கிளம்பிட்டு புள்ள. உனக்குப் போன்ல கோல் எடுத்தன், நீ எடுக்கல்ல. அதான் நானே வெட்டிட்டன்” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. “ஐயோ அக்கா, கொட்டாத செடியைத்தானே தேடுறன்! எல்லாத்தையும் கலந்து தட்டிட்டீங்களே!”

“கொட்டாததா?” அக்காவின் கை நின்றது. “ஒரு கட்டில அப்பிடி ஒண்டு கிடந்தது. எத்தினை தரம் தட்டியும் ஒரு மணி விழல்ல. சனியன் எண்டு அடுப்படியில எறிஞ்சிட்டன்.”

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் எரிப்பதற்கு எள்ளுத் தடிக் குவியல். இருவரும் விழுந்து விழுந்து தேடினோம். கடைசியில் அக்காதான் இழுத்தெடுத்தார். காயெல்லாம் இறுக மூடியபடி. காதருகே ஆட்டினேன், உள்ளே கலகலவென்றது. அக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

சாப்பிட்டு முடித்து, நகத்தால் ஒவ்வொரு காயாகப் பிளந்தோம்.

“விரல் நோகுது புள்ள! இதை உடைச்சு எந்தக் காலத்தில எண்ணெய் எடுக்கிற?”

“காத்துக்குக் கொட்டாம, தட்டினா மட்டும் கொட்ட வைக்கவேணும். அது அடுத்த வேலை, அக்கா.”

“அதுக்கும் மூணு போகமா?” என்று சிரித்தவர், சாதாரணமாகச் சொன்னார்: “போகத்துக்கு ஒண்டு ரெண்டு இப்பிடி வரும் புள்ள. போன ரெண்டு போகமும் வந்தது. எல்லாத்தையும் எரிச்சிட்டன்.”

மூன்று போகமாக எனக்கு மத்தியானச் சோறு அந்த அடுப்பில்தான் வெந்தது.