முதலாவது விருப்பம்

கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்குப் போகும் பஸ் புதுக்கடை நீதிமன்றங்களைக் கடக்கும்போது லவினா யன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி படியேறும் சட்டத்தரணிகளில் ஒருவனைத் தான் தேடுவதாகவே பல வருடங்களாக அவள் நம்பியிருந்தாள்.

அவன் பெயர் நப்ரீஸ். உயர்தரம் படித்த காலத்தில் வெள்ளவத்தையில் இருவரும் ஒரே பொருளியல் டியூஷனுக்குப் போனார்கள். வகுப்பில் பொருளியலைவிட வாக்குவாதமே அவர்களுக்குப் பிடித்திருந்தது. மழை நாளில் இன்னொருவரின் குடையை மாறி எடுத்துப் போவது களவா இல்லையா என்று தொடங்கி, வர வேண்டிய பஸ்ஸை விட்டு, பாமன்கடைச் சந்தி வரை நடந்தே போனதும் உண்டு. இருவரும் லோ, அதாவது சட்டம், படிப்பது என்று அந்த நடைகளில்தான் முடிவானது.

2006இல் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது. சட்டத்துக்குப் போக இருவருக்கும் புள்ளி போதும். அப்போது சட்டபீடம் என்றால் கொழும்பு ஒன்றுதான். விண்ணப்பத்தில் அதை முதலாவது விருப்பமாகப் போட வேண்டும், அவ்வளவே.

அந்த வாரம் வெள்ளவத்தைக் கடற்கரைக் கல்லில் இருந்தபடி நப்ரீஸ் சொன்னான்.

"உம்மாட்ட உங்களப் பத்தி செல்லிட்டன். ஏசல்ல. ஒண்டு மட்டும் கேட்டாங்க. நீங்க எங்கட மார்க்கத்துக்கு வருவீங்களா எண்டு."

பின்னால் தண்டவாளத்தில் போன கோச்சியை லவினா கடைசிப் பெட்டி வரை பார்த்தாள்.

"எனக்குத் தெரியா, நப்ரீஸ்."

அவளுக்குத் தெரியும். மாதா கோவிலையும் வீட்டையும் விட்டு வர அவளால் முடியாது. அவன் தன் உம்மாவை விட்டு வருவதையும் அவள் கேட்கமாட்டாள். யார் மேலும் கோபிக்க வழியில்லாததுதான் கஷ்டமாக இருந்தது. நான்கு வருடம் ஒரே விரிவுரை மண்டபத்தில் அவனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுப் பிறகு எழுந்து போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தனியாக இருந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். முதலாவது விருப்பம் பேராதனைக் கலைப்பீடம். அங்கே பொருளியல் படிக்கலாம். கொழும்புச் சட்டத்தை அவள் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அதைப் பார்த்த அவளுடைய அப்பா நிக்கலஸ், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர், கண்ணாடியைக் கழற்றினார்.

"லோ லோ எண்டுதானே சொல்லிக்கொண்டு திரிஞ்சனீ?"

"எக்கொனமிக்ஸ் எண்டா பாங்க் வேலைக்கு நல்லம், அப்பா."

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் அவரே தபாற்கந்தோருக்குக் கொண்டுபோய்ப் பதிவுத்தபாலில் போட்டார்.

பேராதனையில் அவள் நன்றாகவே படித்தாள். நப்ரீஸிடமிருந்து முதல் மாதத்தில் இரண்டு தடவை அழைப்பு வந்தது. அவள் எடுக்கவில்லை. பட்டத்துக்குப் பிறகு வேலை கிடைத்தது பாங்கில் அல்ல, கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில். சரக்குப் பத்திரங்களைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மெல்ல மெல்லப் பொறுப்பாளரானாள். வந்த கலியாணப் பேச்சுகள் ஒன்றும் சரிவரவில்லை. அம்மா கேட்பதை விட்டுவிட்டார்.

முப்பத்தாறாவது வயதில் அவள் முதன்முதலாக நீதிமன்றத்துக்குள் போனாள். கப்பலில் கடல்நீர் புகுந்து பழுதானதாகச் சொல்லி, பருப்புக் கொள்கலன் ஒன்றுக்காக இறக்குமதியாளர் அவளுடைய கம்பனி மேல் வழக்குப் போட்டிருந்தார். கோப்புகளோடு கம்பனியின் சட்டத்தரணி சுபோதினிக்குப் பின்னால் போய் அமர்ந்தாள். எதிர்த்தரப்பில் எழுந்து நின்றது நப்ரீஸ்.

முன்தலையில் முடி கொஞ்சம் கொட்டியிருந்தது. குரல் மட்டும் அப்படியே. அவன் தன் சாட்சியான, இறக்குமதியாளரின் களஞ்சியப் பொறுப்பாளரிடம் கேட்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொள்கலன் கப்பலிலேயே நனைந்தது என்று கேள்வி கேள்வியாக அழகாக அடுக்கிக்கொண்டு வந்தான்.

பிறகு எப்போது அவனைப் பார்ப்பதை நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. கோப்பில் இரண்டு திகதிகள் இருந்தன. கொள்கலன் துறைமுகத்தை விட்டு வெளியேறியது திங்கட்கிழமை. திறந்து பரிசோதித்தது வியாழக்கிழமை. இடையில் மூன்று நாள் அது எங்கே நின்றது என்று யாரும் கேட்கவில்லை. குறுக்கு விசாரணைக்கு எழுந்த சுபோதினியும் வேறு பக்கமாகப் போனார். லவினாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துண்டுக் கடதாசியில் எழுதி முன்னால் நீட்டினாள்.

சுபோதினி வாசித்தார். அந்தக் கேள்வியைக் கேட்டார். சாட்சி நீரை எடுத்துக் குடித்தார். கொள்கலன் வெளியே ஒரு திறந்த வளவில் நின்றதாகவும் அந்த நாட்களில் மழை என்றும் கடைசியில் சொன்னார்.

இடைவேளையில் சுபோதினி திரும்பி, "நீங்க லோ படிச்சனீங்களா?" என்றார்.

"இல்ல மிஸ். எக்கொனமிக்ஸ்."

சாதாரணமாகச் சொல்லத்தான் நினைத்தாள். சொல்லிவிட்டு, கோப்பின் நாடாவை வெறுமனே அவிழ்த்துக் கட்டினாள்.

வெளி விறாந்தையில் நப்ரீஸ் காத்து நின்றான்.

"அந்தத் துண்டு நீங்க குடுத்ததுதானே?" என்று சிரித்தான்.

"ஓம்."

"விளங்கிச்சு." கோப்பை மறு கைக்கு மாற்றினான். "லோ பெகல்ட்டி துவங்கின நாள் உங்களத் தேடினன். லிஸ்ட்ட ரெண்டு தரம் பாத்தன்."

"நான் பேரே குடுக்கல்ல, நப்ரீஸ்."

அவன் தலையை ஆட்டினான். தனக்கு இரண்டு பெண்பிள்ளைகள் என்றான். அவளுடைய அம்மா அப்பாவை விசாரித்தான். உள்ளேயிருந்து யாரோ கூப்பிடவும் போனான்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவனை நினைத்து அழுகை வரும் என்று லவினா எதிர்பார்த்தாள். மனதில் ஓடியது அந்த மூன்று நாட்கள்தான். சாட்சியிடம் இன்னும் என்னென்ன கேட்டிருக்கலாம் என்று யோசித்து யோசித்து, இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டாள். இத்தனை காலமும் யன்னலால் பார்த்தது அவனை அல்ல, தான் ஏறாமல் விட்ட படிகளை என்று அப்போது விளங்கியது. அவனை விட்டது அவளுக்குப் பிழையாகத் தோன்றவில்லை. அவனோடு சேர்த்துச் சட்டத்தையும் விட்டதுதான் வலித்தது.

திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்புக்கான தெரிவுப் பரீட்சையை எழுதினாள். முதல்முறை சரிவரவில்லை. இரண்டாம் முறை பெயர் வந்தது. இப்போது ஞாயிறுகளில் விடியப் பூசை கண்டுவிட்டு நாவலையில் நடக்கும் வகுப்புகளுக்குப் போகிறாள். வயது முப்பத்தெட்டு. முடிக்கும்போது நாற்பதைத் தாண்டிவிடும். அதைப் பற்றி அவள் அதிகம் யோசிப்பதில்லை.

போன மாதம் அங்கே நூலகத்தில் ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தோடு இருந்தாள். பக்கத்து மேசையில் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள் ஏதோ ஒரு தீர்ப்பைப் பற்றி அடக்கிய குரலில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து வந்தாள்.

"மிஸ், இந்தக் கதிரைக்கு ஆராவது வருவாங்களா?"

"இல்லை. எடுங்கோ."

அவள் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர்கள் நெருங்கி இருந்து இடம் விட்டார்கள். சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அந்தப் பிள்ளைகளில் யாருடைய பக்கம் சரி என்று லவினாவுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரை வந்தது. சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் பக்கத்தைப் புரட்டினாள்.