பூனைக்குள் படிந்த கல்

வள்ளூர்ப் பக்கம் ஓர் அனல்மின் நிலையத்தில் எனக்கு வேலை. கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைச் சோதிப்பேன். குழாயில் கொஞ்சம் உப்பு படிந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவள் வீட்டில்தான், ராயபுரத்தில், பூனையின் சிறுநீர்ப்பையில் கல் படிந்தது. மானம் போயிற்று.

கடுவன் பூனை. கருவாடு என்றால் உயிரை விடும். தண்ணீருக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். என் கணவர் படகு எஞ்சின் மெக்கானிக். கருவாட்டை ஊட்டி ஊட்டி அதைக் கெடுத்து வைத்தவர் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது மணல்தட்டில் உட்கார்ந்து முக்கியது, முனகியது. ஒரு சொட்டுகூட வரவில்லை. கணவர் ஓடிப்போய் வாழைத்தண்டு வாங்கிவந்து மிக்ஸியில் அடித்தார்.

“எனுக்கு கல்லு வந்தப்போ இத்த குட்ச்சிதானே கரைஞ்சிது? இதுக்கும் கரையும், பாரு!”

பூனை அவர் கையைப் பிறாண்டிவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது. சாயங்காலம் அதனால் தலையைத் தூக்க முடியவில்லை. இருவரும் அள்ளிக்கொண்டு ஓடினோம்.

கால்நடை மருத்துவர் மெல்லிய குழாய் விட்டு அடைப்பை நீக்கினார். சிறுநீரை நுண்ணோக்கியில் காட்டினார். சவப்பெட்டி மூடி வடிவத்தில் பளபளவென்று படிகங்கள். ஸ்ட்ருவைட்! மெக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் ஆறு மூலக்கூறு தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு கட்டும் கல். சாக்கடைக் குழாய்களை அடைப்பதும் இதுதான். காரத்தில் வளரும், அமிலத்தில் கரையும். நகத்தால் கீறினாலே கோடு விழும். எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீரேதான். தண்ணீரே குடிக்காத பூனைக்குள் இப்படியொரு கல்! அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

“குழாயை எடுத்துட்டேன். இனிமே தானா ஒண்ணுக்குப் போகணும். நாளைக்குள்ள போகலைன்னா கஷ்டம்மா” என்றார் மருத்துவர். அவர் கொடுத்த உணவில் தண்ணீரைக் கலந்து ஊட்டச் சொன்னார்.

மறுநாள் கணவர் வேலைக்குப் போகவில்லை. தரையில் உட்கார்ந்து, “குட்ச்சிக்கடா நைனா, குட்ச்சிக்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் ஆய்வகத்தில் ஒரே அளவீட்டை மூன்று முறை தப்பாக எழுதினேன். மத்தியானம் போன் அடித்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

“பூட்ச்சிமே! மெத்த மேலயே பூட்ச்சி!”

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“எவ்ளோ?” என்றேன்.

“ஒன் தலகாணி வரைக்கும்!”