தனூனுக்குப் போய்ச் சேராத ‘பி’

மோசூலில் எங்கள் தெரு அடுப்பில் முப்பது வருஷமாகச் சமூன் ரொட்டி சுடுகிறான் தனூன். ‘பாவம், படிப்பு ஏறாத மனுஷன்’ என்று ஊர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்குப் படிப்பு ஏறாமல் இல்லை. ஏறவிடாமல் செய்த பாவி நான்.

அது பொருளாதாரத் தடைக் காலம். ஆங்கில அகராதி மருந்துக்கும் கிடைக்காது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு நகலை எப்படியோ பிடித்து, எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் படியில் கட்டுகளை மாற்றிக்கொள்வோம். அவன் தரும் கட்டில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும்.

“படிக்கிறியா, தின்றியாடா?” என்பேன்.

“ஒரு கையில மாவு, ஒரு கையில ‘எம்’. வேற எப்படிடா படிக்க?” என்பான்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆங்கிலத்துக்கு ஒரே ஓர் இடம். தேர்வாளர் பலகையில் மூன்று எழுத்துகள் எழுதிப் போடுவார். அந்த மூன்றும் அதே வரிசையில் தொடக்கமாக வரும் சொற்களையும் மரபுத்தொடர்களையும் பொருளோடு எழுத வேண்டும். தேர்வுக்கு முந்தின வெள்ளி, ‘பி’ முதல்முறையாக அவன் கைக்குப் போக வேண்டும். நான் பள்ளிவாசல் பக்கமே போகவில்லை. சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டான்.

“அண்ணன் பாக்தாத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டான்டா” என்றேன். அவன் உட்கார்ந்திருந்த மெத்தைக்கு அடியில்தான் அது இருந்தது. டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

பலகையில் விழுந்தது ‘பி-ஆர்-ஈ’. நான் பத்தொன்பது எழுதினேன், அவன் நாலு. இடம் எனக்கு.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை அடுப்படிக்குப் போனேன்.

“வா வாத்தியாரே, எத்தனை?”

“தனூன், அந்த ‘பி’ பாக்தாத்துக்குப் போகல.”

ரொட்டி எடுக்கும் துடுப்பை அடுப்புக்குள் விட்டபடியே சொன்னான். “தெரியும். உக்காந்தப்பவே அடியில தாள் சலசலத்துச்சு.”

“அப்புறம் ஏண்டா கேக்கல?”

“உங்க வீட்டு டீயைக் குடிச்சுட்டு, உங்க மெத்தையத் தூக்கிப் பாக்கச் சொல்றியா? தெனம் சமூன் வாங்க வர்றவன், இன்னிக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு இருந்தேன்.”

எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

“சரி, அந்தப் பத்தொன்பதையும் சொல்லு, கேப்போம்.”

சொன்னேன். பிரெட் என்றால் ரொட்டி. பிரெட்வின்னர், வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவன். பிரேக் தி ஐஸ், முதல் பேச்சை எடுத்துக் கூச்சத்தைப் போக்குவது. பிரேக் ஒன்ஸ் வேர்ட், கொடுத்த வாக்கை மீறுவது. அங்கே நின்றுவிட்டேன்.

“அது எனக்கு நீ சொல்லித்தான் தெரியணுமா?” என்றான் தனூன். “மேல சொல்லு வாத்தியாரே. இன்னும் பதினஞ்சு இருக்கு.”