இறந்தகாலத்துக்கு முந்தின காலம்

போன வாரம் டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் ஒரு காலேஜ் பெண். காதில் எதையோ செருகிக்கொண்டு, செல்போனைப் பார்த்துப் பார்த்து உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். பரீட்சை சமயத்தில் நம் பக்கத்துப் பெண்கள் அப்படிச் செய்வதுண்டு. பிறகுதான் வார்த்தைகள் காதில் விழுந்தன. "ஜாவே வ்யூ, த்யூ ஆவே வ்யூ..." நான் பார்த்திருந்தேன், நீ பார்த்திருந்தாய். அடுத்த வரியை அவளுக்கு முன்பே மனதுக்குள் சொல்லி முடித்துவிட்டேன். அதற்குமேல் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. ராயபுரத்தில் இறங்க வேண்டியவள் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்தே போனேன்.

காசிமேட்டு மீன் வாசனையில் வளர்ந்தவளுக்கு பிரெஞ்சு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மார்க்கிலிருந்து வந்தது. எங்கள் கான்வென்ட்டில் பிளஸ் டூவுக்குத் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்று ஒரு நம்பிக்கை. கொட்டவும் செய்தது. கைடைப் பிரித்து உருப்போட்டு எழுதினோம். ஒரு பிரெஞ்சுக்காரர் எதிரே வந்து பெயர் கேட்டிருந்தால் மொத்த வகுப்பும் ஓடி ஒளிந்திருக்கும். துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த அப்பா, மார்க் ஷீட்டை டீக்கடை வரை எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வந்தார்.

அதன்பிறகு பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடிக்கப் போனேன். ஃபைல், கார்பன் பேப்பர், ஃபேன் காற்றில் பறக்கும் தாள்கள். பிரெஞ்சு போன இடம் தெரியவில்லை. இந்த நேரத்தில்தான் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் குடும்பமே பிரெஞ்சுக் குடிமக்கள். மாப்பிள்ளைக்கு பாரிசுக்குப் பக்கத்தில் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. அவருடைய அம்மாவும் அத்தையும் வந்து என்னைப் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். அவர் போட்டோவில்தான் பார்த்தார். எங்கள் தெருவில் அன்றைக்கு எல்லாருக்கும் என் மேல் ஒரு திடீர் மரியாதை.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனையில் ஒரு பாய் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். கண்ணாடிக் கதவு, உள்ளே சின்ன ஃபேன், எப்போதும் ஊதுபத்தி வாசனை. நிச்சயமான பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வருகிற நேரத்துக்கு அந்தப் போன் அடிக்கும். பாய் வாசலுக்கு வந்து தெருவே கேட்கும்படி கத்துவார்.

"யம்மோவ், ஃபாரின் போனு! ஓடியா, லைன் கட்டாயிடப் போவுது!"

ஓடுவேன். கோயிலுக்குக் கட்டிய புடவையோடு ஓடுவதைப் பார்க்க ஜன்னல்கள் திறக்கும். அவர் ரொம்பப் பேசுகிற ஆள் இல்லை. "சாப்டீங்களா? இங்க பனி கொட்டுது" என்பார். ரொட்டி வேகும் இடத்தில் சூடு தாங்காது, வெளியே வந்தால் குளிர் தாங்காது என்பார். பக்கத்து வீட்டுக்காரரின் நாய் தன்னை மட்டும் பார்த்துக் குரைக்கிறது என்று ஒருநாள் புகார் சொன்னார். நாய்க்குத் தமிழ் வாடை பிடிக்கவில்லையோ என்றேன். வெகுநேரம் சிரித்தார். கல்யாணத்தன்று அவரை முதன்முதலாக நேரில் பார்த்தபோது அன்னியராகவே தெரியவில்லை. அந்த மனுஷன் மேல் எனக்கு அப்போதே ஆசை வந்திருந்தது, அதைச் சொல்வதில் இப்போது என்ன வெட்கம்.

மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, முறைப்படி தாலி மந்திரித்து, பிரியாணி போட்டுக் கல்யாணம் நடந்தது. லீவு முடிந்து அவர் புறப்பட்டார். நான் பின்னால் போக வேண்டும், அதற்கு விசா நேர்காணல். இங்கே என்னையும் அங்கே அவரையும் தனித்தனியாகக் கேட்பார்களாம். எல்லாக் கேள்வியும் கல்யாணத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான் இருக்கும் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். தமிழிலேயே பதில் சொல்லலாம், பிரெஞ்சில் சொன்னால் நல்லது என்றும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தார். பழைய கைடைத் தூசி தட்டினேன்.

இலக்கணம் சொல்லி உங்களை அறுக்க மாட்டேன், இந்த ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்து முடிந்த ஒன்றுக்கும் முன்னாலேயே நடந்து முடிந்ததைச் சொல்ல பிரெஞ்சில் தனியாக ஒரு காலம் உண்டு. 'அவர் வருவதற்குள் சமைத்திருந்தேன்' என்கிறோமே, அது. ப்ளூஸ்-க-பார்ஃபே என்று பெயர். முழுமைக்கும் மேலே என்று அர்த்தமாம், பெயரில் ஒன்றும் குறைச்சல் இல்லை. செய்வது சுலபம். முன்னால் 'ஆவே' போட்டு, பின்னால் முடிந்த வினையை ஒட்டினால் ஆயிற்று. பார்த்திருந்தேன், பேசியிருந்தேன், சாப்பிட்டிருந்தேன் எல்லாம் இப்படித்தான். போவது, வருவது, பிறப்பது, சாவது மாதிரி சில வினைகளுக்கு மட்டும் 'ஆவே'க்குப் பதில் 'எத்தே'. 'ஜெத்தே பார்த்தி' என்றால், நான் கிளம்பிப் போயிருந்தேன். எனக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடிக்கும். பஸ்ஸில் போகும்போது சொல்லிப் பார்ப்பேன். அதை நிஜமாகச் சொல்கிற சந்தர்ப்பம் எனக்கு வரவே இல்லை.

ஒத்திகை நடந்தது சமையல்கட்டில். அம்மா இறால் உரித்துக்கொண்டே அதிகாரியாக மாறிவிடுவாள். கேள்வி ராயபுரம் தமிழில் வரும், பதில் பிரெஞ்சில் போக வேண்டும்.

"கண்ணாலத்துக்கு முன்னாடி மாப்ளய பாத்துகீறியா?"

"அவாந் லெ மரியாஜ், ஜ ந லாவே ஜமே வ்யூ." பார்த்ததே இல்லை.

"பேசிகீறியா?"

இங்கேதான் நான் தயங்கினேன். "போன்ல பேசுனமேம்மா. ஊருக்கே தெரியுமே."

அம்மா இறாலைத் தட்டில் போட்டாள். "ஊருக்குத் தெரிஞ்சா இன்னா? அந்த வெள்ளக்காரங்களுக்குத் தெரியணுமா? கண்ணாலத்துக்கு முன்னாடியே வாராவாரம் பேசிகினு இருந்தான்னா உன்னப் பத்தி இன்னா நெனப்பாங்க? பேசுனதே இல்லன்னு சொல்லு. நல்ல வூட்டுப் பொண்ணுன்னு அப்பதான் தெரியும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. அம்மா இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் அந்த இறால் தட்டை நினைத்தால் கோபம் வந்துவிடுகிறது.

நேர்காணல் அன்று கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர், பாண்டிச்சேரிக்காரர். "தமிழ்லயே சொல்லலாம்மா" என்றார் அவர். வேண்டாம் என்று தலையாட்டினேன். திமிர், வேறென்ன. நான் எதிர்பார்த்த கேள்வியே வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பார்த்ததில்லை, பேசியதில்லை, இரண்டையும் ஒரு பிசிறு இல்லாமல் சொன்னேன். அந்த அம்மா ஏதோ எழுதிவிட்டு, உன் பிரெஞ்சு நன்றாக இருக்கிறது என்றார். தமிழர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "ஒரு தடவகூடப் பேசலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் தமிழில். யோசிக்க என்ன இருக்கிறது? இல்லவே இல்லை என்று மறுபடியும் பிரெஞ்சில் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா அல்வா வாங்கினாள்.

விசா மறுக்கப்பட்டது. இது உண்மையான கல்யாணம் என்று நம்பக் காரணம் இல்லையாம். அடுத்த ஞாயிறு பூத்தில் அவர் குரல் உடைந்திருந்தது.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட? வாரா வாரம் பேசினோம்னு நான் சொல்லியிருந்தேனே! போன்ல பேசித்தான் பிடிச்சுதுன்னு சொல்லியிருந்தேனே!"

எது நல்ல பெயர் என்று நாங்கள் நினைத்தோமோ, அதுவே அங்கே பொய்க் கல்யாணத்துக்குச் சாட்சியாகிவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரோ காத்திருந்தார்கள். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுபடி விண்ணப்பித்தோம். இந்தமுறை தமிழில் உண்மையைச் சொன்னேன். அப்படியென்றால் முதலில் ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்டார்கள். வெட்கம் என்றேன். அந்தப் பாண்டிச்சேரிக்காரர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியவில்லை. பேசியதற்கு ஆதாரம் கேட்டார்கள். அவர் போன் கார்டு வாங்கிப் பேசியவர், கார்டை அவ்வப்போது தூக்கி எறிந்தவர். இந்தப் பக்கம் வருகிற போனுக்கு பில் ஏது? பாய்தான் கொதித்தார்.

"நான் வந்து சொல்றேம்மா. வாராவாரம் தொண்ட கிழிய உன்னக் கூப்டது நான்தான? அல்லா மேல ஆணையா சொல்றேன்." பாயின் தொண்டையை யார் ஆதாரமாக ஏற்றுக்கொள்வார்கள்? இரண்டாவது முறையும் இல்லை என்றே வந்தது.

அதற்குப் பிறகு வாராவாரம் என்பது மாதாமாதம் ஆயிற்று. பிறகு கிறிஸ்துமசுக்கு மட்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தூரத்தில் இருக்கிற பெண்டாட்டியோடு எத்தனை நாள்தான் பனியைப் பற்றிப் பேச முடியும்? நான் பாரிமுனைக்கும் ராயபுரத்துக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தேன். ஆபீசில் "எப்ப ஃபிளைட்?" என்று கேட்டவர்கள் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள், அதுதான் இன்னும் வலித்தது.

ஒருநாள் பிரெஞ்சு முத்திரையோடு ஒரு பெரிய உறை வந்தது. அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"விசா வந்துட்ச்சா?"

கோர்ட் காகிதம். விவாகரத்து. தெருவில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மனைவி ஒருபோதும் கணவரின் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை என்று அதில் ஒரு வரி. அதே காலத்தில், துளிப் பிழை இல்லாமல். அகராதி தேவைப்படவில்லை.

"இன்னாடி எழுதிகீது?"

சொன்னேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அப்ப நீ படிச்சதெல்லாம்?" என்றாள். காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன்.

பூத் கொஞ்ச நாள் ரீசார்ஜ் கடையாக இருந்தது, ரோடு அகலப்படுத்தியபோது இடிந்தது. பாய் குடும்பம் மணலிப் பக்கம் போனதாகக் கேள்வி. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, யாரும் யாரையும் வாசலில் நின்று கூப்பிடுவதில்லை. கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றது போக மிச்சம் இருக்கிறது, முகம் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னென்ன சொன்னார் என்று கேட்டால் இப்போதும் வரிசையாகச் சொல்வேன். ஆனால் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்த அன்று, அந்த வெயிலில், அவர் அதையெல்லாம் எந்தக் குரலில் சொன்னார் என்று நினைத்துப் பார்த்தேன். வீடு வந்து சேரும்வரை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை.