மாமா துளை போட்ட சிலிண்டர்

எங்கள் சாத்தூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் ஏறி ஒரு நல்ல தூக்கம் தூங்கி எழுந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு நாளில், கடலுக்குள் மூழ்குகிறவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் பழைய காற்று சிலிண்டர்கள் இரண்டை மாமா ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். தெருவே வேடிக்கை பார்த்தது. "என்னது, ராக்கெட்டா? இந்த சீசனுக்குப் புது அயிட்டமா?" என்று கேட்ட எதிர்வீட்டுக்காரர், யார் வீட்டு வாசலில் நின்று கேட்கிறோம் என்பது உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாமா என்றால் என் அப்பாவின் அக்காவைக் கட்டியவர். எங்களுக்கு அடுத்த வீடு. வாசல் பக்கத்து அறைதான் கடை. பட்டாசுக் கம்பெனிகளில் சுவருக்குச் சுவர் சிவப்பாக ஒரு தீயணைப்பு சிலிண்டர் தொங்குமே, அதைக் கழற்றி வந்து சோதித்து, பவுடர் நிரப்பித் திரும்ப மாட்டுவது அவர் தொழில். அந்தப் பவுடரைச் சுவாசித்துச் சுவாசித்து அவருக்கு இழுப்பு வந்திருந்தது. மாடிப்படி ஏறினாலே நடுவில் ஒருதரம் நிற்பார். கல்யாணத்துக்கு முன்னால் தூத்துக்குடித் துறைமுகத்தில் கொஞ்ச காலம் இருந்தவர். கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்ட ஆள் மூழ்கும்போது படகில் உட்கார்ந்து கயிறு பிடிக்கிற வேலை. அவரே மூழ்கியது மொத்தம் நாலைந்து தடவை இருக்கும். ஆனால் பேச்சைக் கேட்டால் மீனுக்கே நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் மாதிரி இருக்கும். வாய் அப்படி. நாக்கு அதைவிட. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அத்தை திரும்ப ரசம் வைப்பாள்.

அந்த வருஷம் அவர் பேச்சும் நின்றிருந்தது, சாப்பாடும் நின்றிருந்தது. காரணம் மச்சான்.

அத்தைக்கும் மாமாவுக்கும் அவன் ஒரே பிள்ளை. எனக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பதினேழு. எனக்கு சைக்கிள் பழக்கிவிட்டவன் அவன்தான். சீட்டைப் பிடித்திருக்கிறேன் பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே எப்போதோ கையை விட்டிருப்பான், கள்ளப்பயல். ஐப்பசி மழை ஓய்ந்த கையோடு கூட்டாளிகளுடன் காரியாபட்டிப் பக்கம் ஒரு கைவிட்ட கல்குவாரியில் குளிக்கப் போனான். மேலேயிருந்து குதித்தான். வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் மூழ்கிப் பார்த்தார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக்கரண்டியையும் கட்டி இறக்கித் துழாவினார்கள். ஐந்தாம் நாள், அடியில் கல்லிடுக்கில் மாட்டியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

உடம்பு கிடைக்காததால் காரியம் செய்யவில்லை. போட்டோவுக்கு மாலை போடவில்லை. பாத்ரூமில் அவன் பிரஷ் அப்படியே நின்றது. அத்தை தினமும் மூன்று பேருக்கு அரிசி போட்டு, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். எனக்கும் யாரும் எதையும் காட்டவில்லையா, அவன் அந்தத் தண்ணீருக்கு அடியில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான், யாராவது போய்க் கூப்பிட்டால் வந்துவிடுவான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுக்கு அது கொஞ்சம் மக்குத்தனம்தான். இருந்தாலும் நினைத்தேன்.

"கோடையில தண்ணி வத்தும். நானே எறங்கி அவன எடுத்துட்டு வந்துருதேன்" என்றார் மாமா.

அத்தை கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "படி ஏற மாட்டாம நிக்கீக. அம்புட்டு ஆழத்துல மூச்சு முட்டுனா நான் யாரப் போயித் தேடுவேன்?" என் அப்பாவும் சொன்னார், டாக்டரும் சொன்னார். காற்றுக்குத்தான் சிலிண்டர் இருக்கிறதே என்பது மாமாவின் பதில். எனக்கு அது ரொம்ப சரியாகப் பட்டது.

சிலிண்டர்கள் இரண்டும் தூத்துக்குடிப் பழைய இரும்புக்கடைச் சரக்கு. மாமா சீரியல் செட் பல்பு ஒன்றை ஒயரோடு கழுத்து வழியாக உள்ளே விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முதல் சிலிண்டரின் உட்சுவரெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி துரு தின்ற குழிகள். உடனே டிரில்லிங் மிஷினை எடுத்து அதன் வயிற்றில் துளை போட்டார். என்னத்துக்கு என்று கேட்டேன். "தேறாதத ஓட்டை போடாம வைக்கக்கூடாது, தாயி. எவனாச்சும் காத்தடைச்சு உசுர விட்டுருவான்" என்றார். தீயணைப்பு சிலிண்டருக்கும் அவரிடம் அதே சட்டம்தான். துளை போட்டதை அதன்பிறகு யாராலும் திருப்ப முடியாது.

இரண்டாவதில் வெறும் மேல்துருதான். சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் கழித்துப்போட்ட ரப்பர் ரோலர்கள் இரண்டை வாங்கி வந்து, மோட்டார் மாட்டி, சிலிண்டருக்குள் சின்னக் கல்லாக அள்ளிப் போட்டு, அதை ரோலர்கள்மேல் படுக்க வைத்துச் சுழலவிட்டார். நாலு நாள் கடகடவென்று ஒரே சத்தம். தெரு முழுக்கத் தலைவலி. பள்ளி லீவில் நான் அங்கேயே கிடந்தேன். துரு உதிர உதிர சத்தம் மாறும் என்று மாமா சொல்லியிருந்தார். நாலாம் நாள் சத்தம் நிஜமாகவே தெளிந்து, கல் கல்லாகக் கேட்டது. பிறகு உள்ளே தண்ணீர் நிரப்பிக் கைபம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்த்தார். தாங்கியது. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். ஐப்பசிக்கப்புறம் அதுதான் முதல் சிரிப்பு. அடுப்படி வாசலில் நின்ற அத்தை சிரிக்கவில்லை.

உள்ளே உலர்த்தி, கழுத்தில் ஒரு ரப்பர் கார்க்கை அடைத்து வைத்துவிட்டு, அதில் மாட்டுகிற வால்வை மட்டும் சரிபண்ணத் தூத்துக்குடிக்கு எடுத்துப்போனார். அங்கே பழைய மாடல் என்று இழுத்தடித்தார்கள். மூன்று வாரம் அலைந்தார்.

அவர் முதல்முறை போன அன்று மத்தியானம் நான் கடைக்குள் நுழைந்தபோது அத்தை கார்க்கைப் பிடுங்கியிருந்தாள். சிலிண்டரின் கழுத்தில் எண்ணெய் ஊற்றுகிற புனல். பக்கத்தில் கல்லுப்பு கரைத்த குடம். கலங்கலாக ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. ஊற்றி முடித்து, கார்க்கை அடைத்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"மாமாட்ட சொல்லிராத, தாயி" என்றாள். எனக்குப் பாவி என்று கத்தத் தோன்றியது. பெற்ற பிள்ளையை எடுக்கப் போகிற சிலிண்டரில் உப்புத்தண்ணீர் ஊற்றுகிறவள் அம்மாவா? அத்தை சம்படத்திலிருந்து ஒரு கை காராச்சேவு அள்ளி என் பாவாடையில் போட்டாள். தின்றேன். மறுநாளும் தந்தாள், அதையும் தின்றேன். மச்சானை நான் சேவுக்கு விற்றுவிட்டேன் என்று வெகுகாலம் எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது.

சித்திரைக் கடைசியில் வால்வு வந்தது. மாமா கார்க்கை எடுத்துச் சிலிண்டரைச் சாய்த்தார். செக்கச்செவேலென்று துருத்தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அப்படியே குந்தியிருந்தார். ஒரு விரலால் அந்தத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

பல்பை உள்ளே விட்டுப் பார்க்கக்கூட இல்லை. "தேறாது" என்றார்.

"மறுபடி கல்லப் போட்டு உருட்டுவோம் மாமா. துரு போயிரும்."

"இல்ல தாயி. பளைய டேங்கு. தேறாது."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மாமா, அத்தைதான்..." என்று ஆரம்பித்தேன்.

"உள்ள போயி எனக்குக் குடிக்கத் தண்ணி வாங்கிட்டு வா" என்றார். அதட்டவில்லை. எழுந்து உள்ளே போனேன்.

அத்தை கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். செம்பில் தண்ணீர் மொண்டு தந்தாள். அதற்குள் வெளியே டிரில்லிங் மிஷின் சத்தம். நான் திரும்பி வந்தபோது சிலிண்டரின் வயிற்றில் துளை விழுந்திருந்தது. மாமா கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சோறு போடு" என்றார். மாதக்கணக்கில் அவர் வாய்திறந்து கேட்டதில்லை. அத்தை போட்டாள். ரசத்தில் பாதி தட்டுக்கு வெளியே போனது. அவர் பிசைந்து சாப்பிட்டார்.

பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டினேன். லீவு முடிகிறவரை அவரோடு பேசவில்லை.

வைகாசியில் குவாரிக் கரையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து காரியம் செய்தார்கள். போட்டோவுக்கு மாலை விழுந்தது. அத்தை இரண்டு பேருக்கு உலை வைக்கப் பழகினாள். அடுத்த ஐப்பசியில் குவாரி பழையபடி நிரம்பியது. மச்சான் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான்.

மாமா போன வருஷம் தன் வீட்டுக் கட்டிலில், அத்தை மடியில் தலை வைத்துப் போய்ச் சேர்ந்தார். கடையை மூடியாயிற்று. இந்த ஆயுத பூஜைக்கு நான் பிள்ளைகளோடு போயிருந்தபோது, அத்தை பழைய டிரில்லிங் மிஷினுக்குச் சந்தனம் வைத்துவிட்டு, மூலையில் நின்ற, துளை போட்ட அந்த இரண்டாவது சிலிண்டருக்கும் பொட்டு வைத்தாள். இத்தனை வருஷமாகக் கேட்காததை அன்றைக்குத்தான் கேட்டேன். உப்பு ஊற்றியது மாமாவுக்குத் தெரியுமா அத்தை?

"தெரியாமயா? நக்கிப் பாத்தாகள்ல" என்றாள். சந்தனக் கிண்ணத்தை ஓரமாக வைத்தாள். "ஒருநாளும் கேட்டதில்ல. அன்னைக்கிருந்து, குளம்புல உப்புக் கூடிருச்சுன்னு ஒரு சொல்லுச் சொன்னதில்ல அந்த மனுசன்."

அன்று அவர் சோறு கேட்டபோது, பசிக்கிறது போல என்றுதான் நான் நினைத்தேன்.