பாலக்காட்டுக் கோட்டையில் ஆணி அறைந்த பீரங்கி

ராமாத்தா, செல்லப்பா, பாலக்காட்டுக் கோட்டையில் பீரங்கி உண்டா, அகழியில் முதலை உண்டா என்று அத்தை வீட்டிலிருந்து கேட்டு எழுதியிருந்தீர்கள். பீரங்கி உண்டு. முதலை இல்லை. நான் அங்கே போன காரணத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். உங்கள் சித்தப்பன் போன வாரம் முதல் கோட்டைக்குள் இருக்கிற சப்ஜெயிலில் இருந்தான். உங்கள் அம்மாவின் பெரியப்பாவான பெரிய அப்புச்சியின் தண்ணீர் முறையன்று அவர் மடையை அடைத்து நம் வயலுக்குத் திருப்பியிருக்கிறான். கேட்க வந்தவர் மேல் மண்வெட்டியையும் ஓங்கியிருக்கிறான். அப்புச்சி பிராது கொடுத்துவிட்டார். மாஜிஸ்திரேட் முன்னால் அவரே வந்து "வேண்டாம்" என்றால்தான் விடுவார்கள். வருவதற்கு ஒப்புக்கொண்டார். சொல்வாரா என்பது யாருக்கும் தெரியாது.

விடிவதற்கு முன் கஞ்சிக்கோட்டிலிருந்து கிளம்பினோம். எட்டு மைல். இருந்தது மாரப்பன் வண்டி ஒன்றுதான். அதனால் அப்புச்சியும் அதில், நானும் அதில். உங்களுக்கு அப்புச்சி, எனக்கு மாமா; ஆனாலும் சண்டை வந்துவிட்டால் நம் பக்கத்தில் நேருக்கு நேர் பேசுவதில்லை அல்லவா? முதலில் வாய் திறந்தவன் தோற்றவன்.

"மாரப்பா, வண்டி முன்பாரமா இருக்குது. அவரைப் பொறகால தள்ளி உக்காரச் சொல்லு" என்றார் அப்புச்சி.

"பொறகால சாக்குக் கெடக்குது, எடமில்லீன்னு சொல்லு மாரப்பா" என்றேன் நான்.

"ஏனுங்க, நான் மாட்ட ஓட்டறதா, உங்க ரெண்டு பேருத்துக்கும் தபால் ஓட்டறதா?" என்றான் அவன்.

ஒன்பது மணிக்குக் கோட்டை தெரிந்தது. நாலு பக்கமும் அகழி. தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாக நிற்கிறது. முன்காலத்தில் வாசலில் தூக்குப் பாலம் இருந்ததாம். எதிரி வந்தால் சங்கிலியால் இழுத்து மேலே தூக்கிவிடுவார்கள். இப்போது நிலையான பாலம். நுழைந்ததும் வழி நேராகப் போகாமல் திரும்புகிறது. கதவை உடைத்துக்கொண்டு ஓடி வருகிறவன் அங்கே நின்று திரும்பத்தான் வேண்டும். மேலே இருக்கிறவனுக்கு அது போதும்.

மாஜிஸ்திரேட் வர நேரமாகும் என்றார்கள். மாரப்பன் மாடுகளோடு வெளியே நின்றுவிட்டான். வார்டர் ஒருவர் மதில்மேல் ஏறிப் பார்க்க விட்டார். மதிலின் மேல் இரண்டு பேர் தாராளமாகச் சேர்ந்து நடக்கலாம். நாங்கள் முன்னும் பின்னுமாக நடந்தோம்.

வரப்பின் மேல் நின்றால் வரப்பின் அடியில் இருக்கிற நண்டு தெரியாது. மதிலும் அப்படித்தான். அதற்காகவே மூலைகளில் மதிலை வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். அதைக் கொத்தளம் என்பார்கள். அங்கிருந்து பார்த்தால் மதிலின் அடி முழுவதும் தெரியும். ஏணி சாத்துகிறவனைப் பக்கவாட்டில் சுடலாம். துப்பாக்கித் துளைகள் உள்ளே அகலமாக இருந்து வெளியே போகப் போகக் குறுகுகின்றன. நீட்டுகிறவன் துப்பாக்கியை இப்படியும் அப்படியும் திருப்பலாம். வெளியே இருப்பவனுக்கோ ஒரு கீறல்தான் தெரியும்.

ஒரு கொத்தளத்தில் பீரங்கி கிடந்தது. சக்கரம் இல்லை. என் இரண்டு கையையும் விரித்த நீளம், துரு. வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் இடித்து, பின்புறத்துச் சிறு துளையில் நெருப்பு வைப்பார்கள். அந்தத் துளையில் இரும்பாணி அறைந்திருக்கிறது. விட்டு ஓடுகிறவர்கள், பிடித்தவனுக்கு உதவக்கூடாது என்று அப்படி அறைந்துவிட்டுப் போவார்களாம். வார்டர் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

அப்புச்சியும் நானும் மட்டும் இருந்தோம். தபால் கொண்டுபோக ஆளில்லை. அவர் பீரங்கிப் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா பீரங்கி, மொறத் தண்ணியத் திருப்பறது நாயமான்னு கேளு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "நாயமில்லீன்னு சொல்லு பீரங்கி. நாத்து காஞ்சு போச்சு, பையனுக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னும் சொல்லு."

"எந் நாத்து மட்டும் மழையிலயா நனைஞ்சுது? மம்பட்டிய ஓங்குனானே, உழுந்திருந்தா?"

"அது தப்புத்தான்னு சொல்லு."

"இன்னொருக்கா மடையில கை வெச்சா?"

"அண்ணங்காரனே இழுத்தாந்து இங்க உட்டுட்டுப் போவான்னு சொல்லு."

அப்புச்சி கைத்தடியால் ஆணியைத் தட்டினார். "காதுல ஆணிய அடிச்சு வெச்சிருக்கறாங்க. இதுக்கு என்ன கேக்கப் போகுது?" என்று படி இறங்கினார்.

வார்டர் எதிரே வந்தார். "என்னா, ரண்டாளும் பீரங்கியோடயா வர்த்தமானம்? எஜமான் வந்தாச்சு, எறங்கி வாங்கோ."

மாஜிஸ்திரேட் கேட்டார். அப்புச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சித்தப்பன் தலை நிமிரவில்லை.

"பிராது வேண்டாமுங்க" என்றார். "பேசித் தீத்துட்டமுங்க."

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். "பேசினமுங்க" என்றேன்.

திரும்பும்போது கல்மண்டபத்தில் வண்டியை நிறுத்தினோம். "மாரப்பா, அந்தப் பையனுக்கு எதாச்சும் வாங்கித் தரச் சொல்லு. மொகம் வத்திக் கெடக்குது" என்றார் அப்புச்சி. ஆறு இட்டிலி ஓரணா. சித்தப்பன் தின்றுகொண்டே அழுதான். அப்புச்சி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவ்வளவு பெரிய மதிலைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு நம் வரப்புகள் மிகவும் சின்னதாகத் தெரிந்தன. அப்புச்சி அவர் வீட்டு வாசலில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

சித்தப்பன் கிணற்றடிக்குக் குளிக்கப் போனான். உங்கள் அம்மா அடுப்பு மூட்டினாள். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்று, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "மாமா" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன்.